‘லாக்டோஸ் ஃப்ரீ’ன்னு எழுதியிருந்தா போதுமா? பசும்பால் அலர்ஜியும் பால் பவுடர் டப்பாவும்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

இன்னிக்கு விருந்தினர் யாரும் கிடையாது. நான் மட்டும்தான் பேசப் போறேன். போன மாசம் ஒரு எபிசோட்ல பேச்சுவாக்குல “எங்க பாப்பாவுக்குப் பால் அலர்ஜி”ன்னு ஒரு வரி சொன்னேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்வி: “அண்ணா, நீங்க எந்த டப்பா வாங்குனீங்க?”

பிராண்ட் பேர் சொல்ல மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடறேன். இந்தியாவுல இதுக்குன்னே 1992-ல ஒரு சட்டம் வந்தது, 2003-ல அதை இன்னும் இறுக்கினாங்க. ரெண்டு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரையோ பால் புட்டியையோ விளம்பரம் பண்ணக் கூடாது, தள்ளுபடி, இலவசம் எதுவும் கூடாது. டப்பா மேல குழந்தை படம்கூட போடக் கூடாது. அடுத்த தடவை மெடிக்கல்ல கவனிச்சுப் பாருங்க, கொழுகொழு குழந்தை எதுவும் இருக்காது. ஆனா சட்டத்தை விட முக்கியமான காரணம், பேர் உங்களுக்கு உதவாது. எங்க பாப்பாவுக்கு ஒத்துக்கிட்டது உங்க வீட்டுக் குழந்தைக்கு ஒத்துக்கணும்னு இல்ல. டப்பாவைத் திருப்பி பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு புரிஞ்சுக்கிட்டா அது எந்தக் கடையிலயும் உதவும். அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

இன்னொண்ணு, நான் டாக்டர் இல்ல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்குற ஒரு அப்பா, அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம். பாப்பாவுக்கு அப்போ ஒன்பது வாரம். கொஞ்சம் தாய்ப்பால், கொஞ்சம் ஃபார்முலா. “ஏன் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலை”ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. கேக்க வேண்டியவங்க, கேக்கக் கூடாதவங்க எல்லாரும் ஏற்கெனவே கேட்டு முடிச்சிட்டாங்க. ஒருநாள் காலையில டயப்பர் மாத்தும்போது சளி மாதிரி ஏதோ இருந்தது, அதுல மெல்லிசா நூல் மாதிரி ரத்தம். கன்னம் ரெண்டும் சொரசொரப்பா சிவந்து கிடந்தது, அதை வெயில்னு நினைச்சிருந்தோம்.

நான் என்ன பண்ணேன்? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். “பால் ஒத்துக்கலை போலிருக்கு”ன்னு சொன்னேன். கடைக்காரர் நல்ல மனுஷன். யோசிக்கவே இல்ல, ‘லாக்டோஸ் ஃப்ரீ’ன்னு பெரிசா எழுதியிருந்த ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நானும் சந்தோஷமா வாங்கிட்டு வந்தேன். ஒரு வாரம் கொடுத்தோம். ரத்தம் நிக்கவே இல்ல.

நிக்காது. ஏன்னு எனக்கு அப்போ தெரியாது. லாக்டோஸ்ங்கறது பால்ல இருக்கிற சர்க்கரை. அலர்ஜி வர்றது பால்ல இருக்கிற புரதத்தால. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. லாக்டோஸ் ஃப்ரீ டப்பாவுல சர்க்கரையை எடுத்துட்டாங்க, ஆனா பசும்பால் புரதம் முழுசா அப்படியே இருக்கு. எந்தப் பொருளால பாப்பா கஷ்டப்பட்டாளோ அதையே வேற லேபிள்ல ஒரு வாரம் கூடுதலாக் கொடுத்திருக்கேன். தாய்ப்பால்லயே லாக்டோஸ் நிறைய உண்டு. பிறந்ததுல இருந்தே லாக்டோஸ் செரிக்காத குழந்தைங்க ரொம்ப ரொம்ப அபூர்வம். கடுமையான வயித்துப்போக்கு வந்து போனதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு லாக்டோஸ் செரிக்காம இருக்கலாம். அந்த மாதிரி நேரத்துக்குத்தான் அந்த டப்பா. இன்னும் ஒரு வேடிக்கை என்னன்னா, பால் அலர்ஜிக்குன்னே தயாரிக்கிற சில ஃபார்முலால லாக்டோஸ் சேர்த்திருப்பாங்க. அதைப் பாத்துப் பயப்படத் தேவையில்ல.

அடுத்தது வீட்டு யோசனைகள். எங்க அத்தை, மனைவியோட அம்மா, “மாப்பிள்ளை, ஆட்டுப்பால் குடுத்துப் பாக்கலாமேங்க”ன்னாங்க. எங்க அம்மா நாட்டு மாட்டுப் பால், இப்போ ஏ2ன்னு பாட்டில்ல விக்கறாங்களே, அதைச் சொன்னாங்க. மாடி வீட்டு ஆன்ட்டி தெருவுல கழுதைப்பால் கொண்டு வர்றவரோட நம்பரே கொடுத்தாங்க. எல்லாம் அன்புல சொன்னதுதான், ஒண்ணையும் குறை சொல்லலை. ஆனா ஆட்டுப்பால் புரதமும் எருமைப்பால் புரதமும் பசும்பால் புரதமும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. பசும்பால் அலர்ஜி இருக்கிற குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. ஏ2 பால்ல மாறுறது ஒரே ஒரு புரதத்துல ஒரு சின்ன இடம். மத்தபடி அது பசும்பால்தான். கழுதைப்பாலைப் பத்தி இத்தாலியில ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, சில குழந்தைகளுக்கு ஒத்துக்கவும் செய்யுது. ஆனா அதுல கொழுப்பு ரொம்பக் கம்மி, ரெண்டு மாசக் குழந்தைக்கு அதுவே சாப்பாடா இருக்க முடியாது. தெருவுல கறந்து பாலாடையில ஊத்தற பச்சைப்பால்ல கிருமி வேற. பாதாம்பால், ஓட்ஸ் பால், தேங்காய்ப்பால் எதுவும் ஒரு வயசுக்குள்ள ஃபார்முலாவுக்கு மாற்று ஆகாது.

அப்புறம்தான் குழந்தைகள் டாக்டர்கிட்ட போனோம். அவங்க முதல்ல பாத்தது அலர்ஜியை இல்ல. ஆசனவாய்ல வெடிப்பு இருக்கா, கிருமித் தொற்று இருக்கா, வயிறு உப்பியிருக்கா, எடை ஏறுதா. ரத்தம்னு சொன்னவுடனே அலர்ஜின்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது. எல்லாம் பாத்துட்டு, “பசும்பால் புரத அலர்ஜியா இருக்கலாம்”னாங்க. அந்த ‘லாம்’ முக்கியம், பின்னாடி வர்றேன்.

இந்த அலர்ஜி ரெண்டு விதம். ஒண்ணு உடனே தெரியும். பால் குடிச்ச சில நிமிஷத்துலயிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு. இது நடந்தா எபிசோடை நிறுத்திட்டு 108-க்கு அடிங்க. இன்னொண்ணு மெதுவா வரும். சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு சளி, ரத்தம், தோல் அரிப்பு. எங்களோடது இது. இந்த ரெண்டாவது வகைக்கு ரத்தப் பரிசோதனை, தோல்ல ஊசி குத்திப் பாக்குறது ரெண்டுமே பெரும்பாலும் ‘ஒண்ணுமில்ல’ன்னுதான் வரும். பாலை நிறுத்திப் பாக்குறது, திரும்பக் கொடுத்துப் பாக்குறது, இதுதான் டெஸ்ட்.

சரி, டப்பாவுக்கு வருவோம். இதை எங்க டாக்டர் சொன்னதை விட எங்க தெரு பூக்கார அக்கா கடையை வெச்சுச் சொன்னா எனக்கு ஈஸியாப் புரியும்.

பால் புரதம்ங்கறது ஒரு முழம் மல்லிச்சரம்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு பூவும் ஒரு அமினோ அமிலம். குழந்தையோட எதிர்ப்புச் சக்தி அந்தச் சரத்தைப் பாத்து, “இவன் வெளியாள்”னு அடையாளம் கண்டு சண்டைக்குப் போகுது. சாதாரண ஃபார்முலால முழச்சரம் முழுசா இருக்கு. லாக்டோஸ் ஃப்ரீலயும் முழுசாத்தான் இருக்கு.

இப்போ அந்தச் சரத்தைச் சாண் சாணா வெட்டுறோம். இதுதான் ‘பார்ஷியலி ஹைட்ரலைஸ்டு’. சில டப்பால ‘எச்.ஏ.’ன்னு ரெண்டு எழுத்துல போட்டிருப்பாங்க, ஹைப்போஅலர்ஜெனிக்ங்கறதோட சுருக்கம். கேக்கும்போது அலர்ஜிக்கான மருந்து மாதிரியே இருக்கும். இல்ல. சாண் அளவு சரத்தைப் பாத்தாலும் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் தெரிஞ்சிடும். ஏற்கெனவே அலர்ஜி இருக்கிற குழந்தைக்கு இது சரிப்படாது. என்னைக் கேட்டா லாக்டோஸ் ஃப்ரீயை விட இது பெரிய பொறி. அதுல பேராவது வேற. இதுல பேரே அலர்ஜியைச் சொல்லுது.

இன்னும் பொடிசா வெட்டுறோம். நாலஞ்சு பூ சேர்ந்த துணுக்குகள் மட்டும் மிச்சம். இது ‘எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரலைஸ்டு’. இந்த வார்த்தைதான் தேட வேண்டியது. பசும்பால் அலர்ஜி இருக்கிற குழந்தைகள்ல நூத்துக்கு தொண்ணூறு பேருக்காவது ஒத்துக்கணும், அதை நிரூபிச்சாத்தான் ஒரு ஃபார்முலாவை இந்த வேலைக்கு ஏத்துக்குவாங்க. பெரும்பாலான குழந்தைகளுக்கு டாக்டர் முதல்ல எழுதறது இது.

கடைசியா உதிரிப்பூ. சரமே கிடையாது. அமினோ ஆசிட் ஃபார்முலா. பின்பக்கம் திருப்புனா புரதம்ங்கற இடத்துல எல்-லைசின், எல்-அர்ஜினின், எல்-அலனின்னு வரிசையா ‘எல்’ போட்ட பேரா இருக்கும். இதுல பால் புரதம் துளிகூட இல்ல. விலையும் எல்லாத்தையும் விட அதிகம். பொடிசா வெட்டினதுக்கும் அடங்காத குழந்தை, உயிருக்கு ஆபத்தான அலர்ஜி வந்த குழந்தை, எடை ஏறாம மெலியற குழந்தை, இவங்களுக்கு இது தேவைப்படும். மத்தவங்களுக்கு, “காசு போனாப் போகுது, பெஸ்ட்டையே கொடுத்திடுவோம்”ங்கற யோசனை வேண்டாம். நான் அதைச் சொன்னப்போ டாக்டர் சிரிச்சிட்டு, “உங்க பொண்ணுக்குத் தேவையில்லாதது எப்படிங்க பெஸ்ட் ஆகும்?”னாங்க.

சோயாவைப் பத்தி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. விலை கம்மி, சுலபமாக் கிடைக்கும், அதனால நம்ம ஊர்ல நிறையக் கொடுக்கறாங்க. ஆறு மாசத்துக்குள்ள வேண்டாம்னு ஐரோப்பிய மருத்துவச் சங்கத்தோட பரிந்துரை. ஆறு மாசத்துக்கு மேல டாக்டர் சொன்னா பாக்கலாம். ஆனா எங்க பாப்பா மாதிரி குடல்ல அறிகுறி காட்டற குழந்தைகள்ல கணிசமானவங்களுக்கு சோயாவும் ஒத்துக்கறதில்ல.

ஆக, நாங்க வாங்கினது மூணாவது வகை. திறந்தா ஒரு நாத்தம். புளிச்ச உருளைக்கிழங்கு மாதிரி. நாக்குல வெச்சுப் பாத்தேன், கசப்பு. புரதத்தை அவ்வளவு பொடிசா வெட்டுனா அப்படித்தான் கசக்குமாம். பாப்பா முதல் நாள் துப்பினா. பழைய பால்ல கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து பழக்கறதும் ஒரு வழி, ஆனா உடனே வர்ற வகை அலர்ஜின்னா அதைச் செய்யவே கூடாது. நாங்க கலக்கலை, பசி வந்ததும் அவளே குடிச்சா. மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டயப்பரைத் திறந்தா கரும்பச்சை. பயந்துபோய் டாக்டருக்கு போட்டோ அனுப்பி, அவங்க தூக்கத்தைக் கெடுத்தோம். இந்த ஃபார்முலாவுக்கு மலம் பச்சையாப் போறது சகஜம். இதை யாராவது டப்பா கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

மனைவி கொடுத்துக்கிட்டிருந்த தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லலை. அவங்கதான் பாலை நிறுத்தினாங்க. தயிர், மோர், நெய், பனீர் எல்லாம் கட். காலையில வரக்காப்பி. கூடவே கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கு இந்த அலர்ஜி வந்தா, பெரும்பாலும் டப்பாவே தேவைப்படாது, அம்மா சாப்பாட்டை மாத்தினாப் போதும்.

அஞ்சாவது நாள் ரத்தம் நின்னுது. கன்னம் சரியாக மூணு வாரம் ஆச்சு.

இப்போ காசு. மூணு மாசக் குழந்தை, அஞ்சரை கிலோன்னா ஒரு நாளைக்குச் சுமார் 800 மில்லி குடிக்கும். அதுக்குக் கிட்டத்தட்ட 110 கிராம் பவுடர். 400 கிராம் டப்பா மூணரை நாளைக்கு வரும். அதாவது மாசத்துக்கு எட்டு, ஒன்பது டப்பா. நீங்க கடையில கேக்குற விலையை ஒன்பதால பெருக்கிப் பாத்துக்குங்க. நான் பெருக்கிப் பாத்தேன். அன்னிக்கு ராத்திரி ஒரு தப்பு பண்ணேன்.

இதை இதுவரைக்கும் வெளியில சொன்னதில்ல. 150 மில்லி தண்ணிக்கு அஞ்சு கரண்டி பவுடர் போடணும். நான் நாலரை போட்டேன். ஒரு நாள் இல்ல, நாலு நாள். டப்பா கொஞ்சம் இழுத்துக்கிட்டு வருமேன்னு. மனைவி கண்டுபிடிச்சாங்க. கத்தலை, ஒண்ணும் சொல்லலை. அடுத்த செக்கப்ல என் முன்னாடியே டாக்டர்கிட்ட சொன்னாங்க. டாக்டர் முகம் மாறிடுச்சு. தண்ணி அதிகமானா சத்து குறையறது மட்டும் இல்ல, ரத்தத்துல உப்பு இறங்கி வலிப்பே வரலாம்னு சொன்னாங்க. நம்மகிட்ட பணம் இல்லைன்னா அதை டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லணும். அவங்ககிட்ட வேற வழி இருக்கலாம். பணக் கஷ்டத்தைக் கரண்டியில காட்டக் கூடாது. அதே மாதிரி, பழைய டப்பாவோட கரண்டியைப் புது டப்பாவுக்குப் போடாதீங்க. ஒவ்வொரு டப்பாவுக்கும் கரண்டி அளவு வேற.

நாலாவது வாரம் டாக்டர் சொன்னதுதான் எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. “பழைய ஃபார்முலாவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்க.”

மனைவி முடியவே முடியாதுன்னாங்க. ஒரு மாசம் பட்ட பாட்டுக்கு அப்புறம், நல்லா இருக்கிற குழந்தைக்கு மறுபடியும் அதையா? எனக்கும் மனசு வரலை. டாக்டர் பொறுமையா விளக்கினாங்க. குழந்தைங்க வயிறு தானாகவும் சரியாகும். இந்த டப்பாவால சரியாச்சா, நாள் ஆனதால சரியாச்சான்னு இப்போ யாருக்கும் தெரியாது. திரும்பக் கொடுத்தாத்தான் தெரியும். அந்த ‘லாம்’ ஞாபகம் இருக்கா? இந்தச் சோதனை வரைக்கும் அது வெறும் ‘லாம்’தான். ஒரு எச்சரிக்கை: உடனே தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வந்த குழந்தைக்கும், பால் குடிச்ச சில மணி நேரத்துல விடாம வாந்தி எடுத்துத் துவண்டு போன குழந்தைக்கும் இதை வீட்டுல செய்யவே கூடாது. அது ஆஸ்பத்திரியில, டாக்டர் முன்னாடி மட்டும்.

எங்களுக்கு வீட்டுலயே செய்யச் சொன்னாங்க, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி. முதல் ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல. மூணாவது நாள் சாயங்காலம் சளி. நாலாவது நாள் காலையில அதே நூல் ரத்தம். மனைவி அழுதாங்க. நிறுத்திட்டு மறுபடி அந்த நாத்தம் பிடிச்ச டப்பாவுக்கே போனோம். ஆனா இப்போ சந்தேகம் இல்ல. அந்த விலையைக் கொடுக்கும்போது கை நடுங்கலை.

என் ஆபீஸ் நண்பன் ஒருத்தனுக்கு நேர் எதிரா நடந்தது. அவன் பையன் ஓயாம அழுவான், குடிச்ச பாலைக் கக்குவான். யாரோ அலர்ஜின்னு சொல்ல, அம்மா பாலை விட்டாங்க, டப்பாவும் மாறிச்சு, மூணு மாசம் ஓடிச்சு. நான் சொல்லி, டாக்டரைக் கேட்டு, திரும்பக் கொடுத்துப் பாத்தாங்க. ஒண்ணுமே ஆகலை. குழந்தைங்க கக்குறதும் அழறதும் வளர வளரத் தானாக் குறையும், அதுதான் நடந்திருக்கு. மாசம் ஒன்பது டப்பா மிச்சம். அந்த அம்மாவுக்கு ஃபில்டர் காபி திரும்பக் கிடைச்சது.

இது அவன் ஒருத்தன் கதை மட்டும் இல்ல. இங்கிலாந்துல இந்தச் சிறப்பு ஃபார்முலாவுக்கான மருந்துச் சீட்டு 2006-ல ஒரு வருஷத்துக்கு 1,05,000 அளவுல இருந்தது. 2016-ல 6,00,000-த்தைத் தாண்டிடுச்சு. பத்து வருஷத்துல அலர்ஜி அவ்வளவு கூடிடுச்சா? அப்படிக் கூடினதுக்கு ஆதாரம் இல்லைன்னு 2018-ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல ஒரு பெரிய கட்டுரையே வந்தது. டப்பா விக்கிற கம்பெனிகளோட தொடர்பையும் அதுல கேள்வி கேட்டிருந்தாங்க. அதனால நோயே இல்லைன்னு அர்த்தம் இல்ல. எங்க வீட்டுல நாலாவது நாள் காலையில பாத்தது நிஜம். நண்பன் வீட்டுல ஒண்ணுமே நடக்காததும் நிஜம். ரெண்டு வீட்டுலயும் அதைச் சொன்னது அந்தச் சோதனைதான், டப்பாவோட முன்பக்கம் இல்ல. டாக்டர் அதைச் சொல்லலைன்னா நீங்களே கேளுங்க: “எப்போ திரும்பக் கொடுத்துப் பாக்கலாம், எப்படி?”

ஆறு மாசத்துல சாப்பாடு ஆரம்பிச்சப்போ லேபிள் படிக்கிற வேலை இன்னும் கூடிச்சு. மில்க் சாலிட்ஸ், வே, கேசின், கேசினேட், எல்லாம் பால்தான். டப்பால வர்ற குழந்தைக் கஞ்சி மாவு நிறையத்துல பால் பவுடர் இருக்கு. பருப்பு சாதத்துக்கு நெய்க்குப் பதிலா நல்லெண்ணெய் விட்டோம். சோறூட்டக் கோயிலுக்குப் போனப்போ பால் பாயசம் வேண்டாம், வெறும் குழைஞ்ச சாதம் போதும்னு சொன்னதுக்கு சொந்தக்காரங்க பாத்த பார்வை இருக்கே!

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வளர வளரப் போயிடும். பல பேருக்கு மூணு வயசு, அஞ்சு வயசுக்குள்ள. பாப்பாவுக்கு ஒரு வயசு ஆனதும் டாக்டர் படிப்படியா ஆரம்பிக்கச் சொன்னாங்க. பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டுல ஒரு துணுக்கு, அப்புறம் பாதி, அப்புறம் முழுசு. நல்லா வெந்த பால் புரதம் கொஞ்சம் உருமாறிடறதால ஒத்துக்க வாய்ப்பு அதிகம், அதான் அதுலேர்ந்து தொடங்கறாங்க. இப்போ பதினாலு மாசம். பிஸ்கட் தாண்டி கேக் வரைக்கும் வந்திருக்கோம். தயிர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கு. எங்க அம்மா ஞாயித்துக்கிழமை போன் பண்ணா முதல் கேள்வியே, “ஏம்ப்பா, புள்ளைக்குத் தயிர் சாதம் குடுத்தியா?” இன்னும் இல்லம்மா.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. டப்பாவை போட்டோ எடுத்து அனுப்பறவங்க பின்பக்கத்தை எடுத்து அனுப்புங்க, அதையும் எனக்கு முன்னாடி உங்க டாக்டருக்கு. அடுத்த வாரம் பாப்போம்.